முதலெழுத்துக்காரர்

என் கணவருக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தவை இரண்டே வேலைகள். ரயிலுக்கு டிக்கெட் போடுவார், பாட்டு கேட்பார். மூன்றாவதாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் பெயர், உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயங்குதளத்தின் உள்ளே பதினேழு இடங்களில் பதிந்திருக்கிறது. பதினேழும் பிழைதிருத்தங்கள். பதினேழும் நான் எழுதியவை.

இதில் அவர் செய்த மோசடி எதுவும் இல்லை. நானும் ஏமாளி இல்லை. எல்லாம் ஒரே ஓர் எழுத்தால் வந்தது.

நான் ஓசூரில் இருசக்கர வண்டிகளுக்கு மீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வண்டியில் வேகம் காட்டுமே, அந்த மீட்டர். செய்து முடித்த ஒவ்வொன்றையும் டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, எல்லா எண்ணும் எல்லா விளக்கும் சரியாக வருகின்றனவா என்று பார்த்து அனுப்ப வேண்டும். பெஞ்சுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு இருக்கும். அதில் ஓடுவது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் இயங்குதளம்.

அந்த வருஷம் எங்கள் ஷெட்டில் வோல்டேஜ் அடிக்கடி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. விழும்போதெல்லாம் எட்டு பெஞ்சும் அணைந்து மறுபடி பூட் ஆகும். அதற்கு இருபத்திரண்டு விநாடி. எட்டுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எட்டுக் கறுப்புத் திரைகளைப் பார்த்தபடி நிற்போம். டார்கெட் மட்டும் நிற்காது. "அது அப்டித்தாம்மா, சூடாவ டைம் எடுக்கும்" என்றார் சூப்பர்வைசர். எனக்கு ‘அப்படித்தான்’ என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். சூடாவதற்கு அது என்ன தோசைக்கல்லா?

கழித்துப்போட்ட போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கேட் பாஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் திண்டுக்கல் பக்கத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மீதியைப் பிழையும் கோபமும் கற்றுக்கொடுத்தன. ஏ ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால், என் கணவர் ஜெனரல் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வரும்வரை எனக்கு நேரம் இருந்தது. பூட் ஆகும்போது அந்தப் போர்டு திரையில் வரி வரியாகப் புலம்பும். அந்தப் புலம்பலை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இரண்டு வாரத்தில் பிடிபட்டது.

போர்டு விழித்துக்கொண்டதும் வெப்பம் அளக்கும் ஒரு சிறு சிப்பைக் கூப்பிடுகிறது. இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருக்கிறது. பதில் இல்லையென்றால் மறுபடி கேட்கிறது. மூன்று முறை. மொத்தம் பதினைந்து விநாடி, வேறு எந்த வேலையும் செய்யாமல் அப்படியே நிற்கிறது. எங்கள் போர்டில் அந்தச் சிப் கிடையவே கிடையாது. அதற்கான இடம் மட்டும் காலியாக விடப்பட்டிருந்தது.

அவர் வந்ததும் இதைச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "மூணு தடவ கூப்புட்டும் வர்லன்னா ஆளு இல்லன்னு அர்த்தம். இதுக்கு டிப்ளமோ வேற படிச்சியா நீயி?"

அவர் தளி பக்கத்துக்காரர். இன்னொரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் செட்டர், மெஷினை அளவு பார்த்து அமைத்துக் கொடுப்பவர். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், சந்தையில் கன்னடம். என்னிடம் கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார், சமாதானம் ஆனதும் தமிழுக்குத் திரும்புவார். நான் ஓசூருக்கு வேலைக்கு வந்த இடத்தில் நாங்களாகப் பார்த்துப் பேசி முடித்துக்கொண்ட கல்யாணம். என் வீட்டில் மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவர்களே பத்திரிகை அடித்தார்கள்.

திருத்தம் எழுதுவது சுலபமாக இருந்தது. பதினைந்து விநாடிக் காத்திருப்பை ஒரு விநாடியாகக் குறைத்தேன். ஆனால் சிப் இருக்கும் போர்டுகளிலும் அது வேலை செய்ய வேண்டுமே. சிப் ஒன்றை வரவழைத்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. எனக்குச் சால்டரிங் வரும் என்றாலும் அவ்வளவு சிறியதற்குக் கை நடுங்கும். அவர்தான் சமையல்மேடையில் டியூப்லைட்டுக்கு அடியில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக் கொடுத்தார். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை அது.

குளிரிலும் சோதிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். மார்கழி மாதம். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு மொட்டைமாடிச் சுவரில் போர்டை வைத்தோம். அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாயைத் திறந்தால் புகை வந்தது. போர்டு ஒரு விநாடிக்குள் சிப்பைக் கண்டுபிடித்தது.

"ஓசூர் குளுரே தாங்கிடுச்சின்னா எந்த ஊரு குளுரும் தாங்கும். எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். திருத்தத்தோடு அனுப்பும் விளக்கத்தில், ‘குளிர்காலத்திலும் சோதிக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தேன். மதுரைக்கும் சென்னைக்கும் போய் ஓசூர் குளிரைப் பற்றிப் பெருமையடித்தே பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள். அந்த வரியில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். இந்த மாதிரித் திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள். அதன் அடியில், இது நான் எழுதியதுதான் என்று பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நான் எல்லா இடத்திலும் போடுவதுபோல முதலெழுத்தையும் என் பெயரையும் போட்டேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் வடக்கே ஏதோ குளிர்நாட்டில் இருப்பவர். பேட்ச் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒற்றை எழுத்து ஒரு பெயர் ஆகாது, முழுப் பெயரைப் போட்டு மறுபடி அனுப்புங்கள் என்று எழுதினார்.

கல்யாணத்துக்கு முன்பு என் முதலெழுத்து அப்பாவுடையது. கல்யாணம் ஆனதும் ஆதார், பேங்க், கம்பெனி அட்டை என்று வரிசையாக மாற்றி எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய சம்மதமும் இல்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை. சரி, எழுத்து நிற்பது எதற்காகவோ அதையே எழுதிவிடுவோம் என்று, எழுத்தை விரித்து அவர் பெயரை முழுதாகப் போட்டு, பின்னால் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். நம் ஊரில் அதுதானே முறை.

மறுநாள் பதில் வந்தது. ஹாய் என்ற சொல்லுக்குப் பிறகு என் கணவரின் பெயர். அருமையான வேலை, சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று இருந்தது. அவர்கள் ஊரில் முதலில் வருவதுதான் ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர். என் பெயரை அவர்கள் என் குலப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கோ தலைகால் புரியவில்லை. மெயிலைத் திறந்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். "உடு, அப்டியே இருக்கட்டும். எனக்கும் ஃபாரின்ல ஒரு வேலை கெடச்சாப்பல ஆச்சி." அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அடுத்த பேட்ச், அதற்கடுத்த பேட்ச் எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சொல்லியே பாராட்டினார்கள், அவர் பெயரைச் சொல்லியே குறை சொன்னார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே கேட்பார்.

"இன்னிக்கி நானு என்னா ரெடி பண்ணுனேன்?"

இன்றைக்கு நீங்கள் நினைவகக் கசிவு ஒன்றை அடைத்தீர்கள் என்பேன். இன்றைக்கு நீங்கள் ஒரே வேலையை இரண்டு முறை செய்துகொண்டிருந்த இடத்தைக் கண்டுபிடித்து வேகப்படுத்தினீர்கள் என்பேன். "பரவால்லியே, நம்ப ஆளு கில்லாடிதான்" என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். உழைத்தது நான், பெயர் இவருக்கா என்று ஒருநாள் நிஜமாகவே சண்டை போட்டேன். அதன் பிறகு டீ போடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். ஆறு பேட்ச் அப்படிப் போனது.

ஓர் ஐப்பசி காலையில், கிருஷ்ணகிரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பைக்கில் போனவர், சூளகிரியைத் தாண்டித் திரும்பி வரவில்லை. மழை, லாரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலில் செருப்பை விடும்போதே, "வேகமா வந்துருப்பாப்ல" என்றார்கள். அவர் காலியான மேம்பாலத்தில்கூட நாற்பதைத் தாண்டாதவர். பின்னால் உட்கார்ந்து, சைக்கிள்காரன் நம்மைத் தாண்டுகிறான் பாருங்கள் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இறந்துபோன மனிதர் வந்து இல்லை என்று சொல்ல முடியாது என்ற தைரியத்தில் சொன்னார்கள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்குள் கிடந்து எரிகிறது.

மாமியார் பதினாறாம் நாளுக்குப் பிறகு தளிக்குப் போய்விட்டார். என் அம்மா ஒரு மாதம் இருந்தாள். பிறகு வீட்டில் நான் மட்டும். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஆபீசில் ஒரு பையன் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "மேடம், இனிஷியல் பழையபடி அப்பா பேருக்கே மாத்தணுங்களா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. நான் போட்ட சத்தத்தில் கேன்டீன் வரை திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து பெஞ்ச் அக்கா, காவேரிப்பட்டணத்துக்காரர், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அவங்கிட்ட என்னாத்துக்கு கத்திக்கினு இருக்க? வா, தண்ணி குடி." குடித்தேன். அந்தப் படிவம் அப்படியே நின்றுபோனது.

மூன்று மணி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. ஏ ஷிப்ட் ஆட்கள் தூங்குவார்கள், பி ஷிப்ட் ஆட்கள் போயிருப்பார்கள். பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். இன்னொருவர் இருக்கும் வீட்டில் பொருள்கள் தாமாக இடம் மாறும். தனியாக இருக்கும் வீட்டில் எதுவும் அசையாது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒன்றரை மாதம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. திறந்தபோது பொறுப்பாளரிடமிருந்து ஒரு மெயில் கிடந்தது. ஹாய், அவர் பெயர். சில வாரங்களாக உங்களைக் காணவில்லையே, நலம்தானே?

ஊரில் எல்லோரும் அவரை இறந்தகாலத்தில் பேசத் தொடங்கியிருந்தார்கள். சிலர் பெயர் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள், என் முன்னால் சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்து. எங்கோ ஒரு நாட்டில், முகம் தெரியாத ஒரு மனிதர் மட்டும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரிக்கிறார். நலம், கொஞ்சம் வேலை அதிகம் என்று பதில் எழுதினேன். கையெழுத்தில் பழையபடி அவர் பெயர், பின்னால் என் பெயர்.

பிறகு நான் வெறிபிடித்தவள்போல வேலை செய்தேன். நமக்கு மூன்று மணி என்றால் அவர்களுக்குக் காலை. அவர்கள் மேசைக்கு வந்து மெயில் பார்க்கும் நேரமும் நான் பூட்டைத் திறக்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தால் ஹாய் என்று அவர் பெயர் வரும். அதற்காகவே பிழை தேடினேன். யாரும் கவலைப்படாத பழைய பகுதிகளில் போய் நோண்டினேன். திரையில் எப்போதாவது வரும் ஒரு செய்தியின் எழுத்துப்பிழையைக்கூட விடவில்லை. இரண்டு வருஷத்தில் பத்துப் பேட்ச். அவற்றில் பாதியாவது அந்த ஒரு சொல்லை வாங்குவதற்காக எழுதியவை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பெயரைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. பேட்சில் ஒருமுறை பதிந்த பெயரை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் அந்த இயங்குதளத்தில், பெயர் மாறியவர்களுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு வரி எழுதினால் போதும். இடப்பக்கம் சரியான பெயர், வலப்பக்கம் பழைய பெயர். அதன் பிறகு யார் எங்கே பட்டியல் எடுத்தாலும் சரியான பெயர்தான் தெரியும். எனக்கு இது முதல் வருஷத்திலிருந்தே தெரியும். செய்யவில்லை. அந்த வரியை எழுதிவிட்டால் மூன்று மணிக்கு அவரைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

போன தை மாதம் ஒரு சாயங்காலம், எல்லோரும் எழுதி எல்லோரும் படிக்கும் பொது மெயில் லிஸ்ட்டில் புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். பனி உறைந்து கிடக்கும் ஓர் ஊரில், கூரைகளின்மேல் வெப்பம் அளக்கும் பெட்டிகளை வைத்துப் பராமரிப்பவராம். இயங்குதளத்தின் புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து, கடுங்குளிர்க் காலைகளில் பெட்டிகள் பூட் ஆகும்போது வெப்பச் சிப்பே இல்லை என்று சொல்லிவிடுகின்றன. வெப்பம் அளக்கத்தான் அந்தப் பெட்டியே. அவர் ஒரு வாரம் ஏணியில் ஏறி இறங்கித் தேடி, குற்றவாளியைப் பிடித்திருந்தார்.

என் முதல் பேட்ச். சிப் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தக் குளிரில் விழித்துப் பதில் சொல்ல அதற்கு நாலு விநாடி ஆகிறது. நான் கொடுத்ததோ ஒரு விநாடி. ஓசூர் மொட்டைமாடிக் குளிரை வைத்து உலகத்துக் குளிரையெல்லாம் அளந்திருக்கிறேன். ‘குளிர்காலத்திலும் சோதிக்கப்பட்டது’ என்ற என் வரியை அவர் அப்படியே எடுத்துப் போட்டு, எந்தக் குளிர்காலம் என்று கேட்டிருந்தார். அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

அடுத்த வரியில் கோபம் வந்தது. ஒவ்வொரு வரியையும் எழுதியது யார் என்று காட்டுவதற்கு ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளைக்கு வைத்திருக்கும் பெயரே பழி என்பதுதான். அதைப் போட்டுப் பார்த்தவருக்கு என் கணவரின் பெயர் வந்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி எழுதியிருந்தார். இவர் ஓர் அவசரக்காரர், தன் மேசையில் வேகமாக ஓடினால் போதும் என்று நினைத்திருக்கிறார், கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே சொன்னவர்கள் எல்லோரும் மறுபடி வந்து நின்றதுபோல் இருந்தது. அவர் தன் வாழ்நாளில் எதற்கும் அவசரப்பட்டதில்லை, சிவப்பு விளக்கு இல்லாத இடத்திலும் நின்று போனவர் என்று நாலு பத்தி எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவசரப்பட்டது யார்? ‘அப்படித்தான்’ என்று சொன்னால் பற்றிக்கொண்டு வருவது யாருக்கு? எட்டுக் கறுப்புத் திரைகளுக்கு முன்னால் நிற்கப் பொறுமை இல்லாமல், பதினைந்தை ஒன்றாக்கியது நான். அவர் மாடியில் சொன்னது ஊர்ப்பெருமை. அதை ஆதாரமாக நம்பி எழுதியது நான்.

பாராட்டை அவருக்குக் கொடுத்தபோது எனக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் என் தப்புக்கு அவர் ஏச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறார், இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. செத்தவர் தலையில் பழியைப் போட்டார்கள் என்று ஊர்மேல் இரண்டு வருஷமாகக் கோபப்பட்டவள், அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அந்த நாலு பத்தியை அழித்தேன். பிழை என்னுடையதுதான், மன்னிக்கவும், ஒரு வாரத்தில் சரிசெய்கிறேன் என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் டீ நேரத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் விஷயத்தை நான் வெளியில் சொன்னது அதுதான் முதல் முறை. அக்கா வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்போ ரெண்டு வருசமா அவுரு உசுரோட இருக்காருன்னு அவங்க நெனச்சிக்கினு இருக்காங்க?"

"ஆமாக்கா."

"நீ?"

அக்கா வடையைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

பிழையைத் திருத்த எட்டு நாள் ஆனது. காத்திருப்பைப் பழையபடி பதினைந்து விநாடிக்கே கொண்டுபோனால் அந்தப் பனி ஊர்க்காரரின் பெட்டிகள் பிழைக்கும், எங்கள் பெஞ்சுகள் மறுபடி படுத்துவிடும். இரண்டும் நடக்க வேண்டும். கடைசியில் வழி கிடைத்தது. காத்திருக்கட்டும், பதினைந்து விநாடியும் முழுதாகக் காத்திருக்கட்டும். ஆனால் ஓர் ஓரமாகக் காத்திருக்கட்டும். மற்ற வேலைகள் அதற்காக நிற்காமல் நடக்கட்டும். சிப் எப்போது பதில் சொன்னாலும் சேர்த்துக்கொள்ளலாம், சொல்லாவிட்டாலும் போர்டு ஓடும். எழுதியபின் படித்தால் இவ்வளவுதானா என்று இருந்தது. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெட்டிக்காரர் அந்தப் பேட்சைத் தன் கூரைகளில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் பதில் சொல்கின்றன, நன்றி என்று எழுதினார். மன்னிப்பும் கேட்டிருந்தார், என் கணவரின் பெயரைச் சொல்லியே. அது பதினேழாவது.

அன்று சாயங்காலம் அந்தப் பெயர்க் கோப்பைத் திறந்தேன். இடப்பக்கம் என் பெயரை எழுதினேன், எந்த முதலெழுத்தும் இல்லாமல், அப்பாவுடையதும் இல்லாமல். வலப்பக்கம் பழைய பெயர், அதாவது அவர் பெயரும் என் பெயரும். அவரை எடுக்க வேண்டுமென்றால் அவர் பெயரை அந்த வரியில் எழுதித்தான் ஆக வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எங்கள் பெயர்கள் அப்படிப் பக்கம் பக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கோப்பு இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

ஒரு வரி மாற்றினாலும் ஏன் மாற்றுகிறோம் என்று காரணம் எழுத வேண்டும், அது அங்கே சட்டம். பதினேழு பேட்சுக்கு எழுதியதைவிட இந்த ஒன்றுக்கு அதிக நேரம் ஆனது. நீளமாக எழுதி, வெட்டி, மறுபடி எழுதி, கடைசியில் இவ்வளவுதான் மிஞ்சியது. ‘எங்கள் ஊரில் முதலெழுத்து முன்னால் வரும். முதலில் வரும் சொல் என் பெயர் அல்ல, என் கணவரின் பெயர். சிப்பை ஒட்டிக் கொடுத்தது அவர். தவறுகள் என்னுடையவை.’ அவர் இல்லை என்பதை எழுதவில்லை. ஒளிப்பதற்காக விடவில்லை. அந்த வரியைத் திருத்தத்துக்கான காரணமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அனுப்பிவிட்டு அடுத்த நாள் ஷிப்ட் முழுக்க எதிலும் மனம் நிற்கவில்லை. மூன்று மணிக்குப் பூட்டைத் திறந்து, டம்ளரைக்கூடப் பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். பதில் வந்திருந்தது.

ஹாய். பிறகு என் பெயர். அவ்வளவு வருஷத்தில் முதல் முறையாக என் பெயர். எழுத்து எதுவும் பிசகாமல் எழுதியிருந்தார். சேர்த்துக்கொண்டேன், இத்தனை நாள் தவறாக அழைத்ததற்கு மன்னியுங்கள் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. ‘உங்கள் கணவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இத்தனை வருஷமாகக் காலையில் நான் முதலில் வணக்கம் சொன்னது அவருக்குத்தான் போலிருக்கிறது.’

லேப்டாப்பை மூடினேன். சமையல்மேடைக்குப் போய் டீ வைத்தேன். கை தானாக இரண்டு டம்ளரை எடுத்தது, ஒன்றைத் திரும்ப வைத்தேன். டீயை வடிகட்டிக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆறு மணி ஆகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டே கேட்கும் நேரம் வந்தது.

"ஏங்க, ஃபாரின்காரர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன். "இன்னைக்கு நீங்க ஒண்ணும் ரெடி பண்ணலைங்க. நான்தான் பண்ணுனேன்."